பழைய கணினியில் சி டிரைவை விரிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சி டிரைவ் நிறைந்துவிட்டால் டி டிரைவிலிருந்து இடத்தை எடுத்து இரண்டே நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஞாயிறு இதழின் கணினிப் பகுதியில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். சிலர் செய்வதற்கு முன் வருகிறார்கள்; அவர்களுக்கு உதவ முடிகிறது. சிலர் செய்துவிட்டு வருகிறார்கள். அவர்களைப் போல் இன்னும் பலர் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. விடயம் அப்படிப்பட்டது என்பதால் முடிந்தவரை வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் தலவாக்கலையில் கணினி திருத்தும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் பழைய கணினிகள். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட, நன்கொடையாகத் தோட்டப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தவை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் வீட்டில் விட்டுப்போன மடிக்கணினி. மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கும் கோயில் திருவிழாவின் வரவு செலவும் ஒன்றாகக் கிடக்கும் மேசைக் கணினி. பத்து, பதினைந்து வயதானவை. விண்டோஸ் 7 காலத்தில் பொருத்திக் கொடுத்தவர் சிக்கு 40 அல்லது 50 ஜிபி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை டி, ஈ என்று பிரித்திருப்பார். அன்றைக்கு அது தாராளம். பிறகு அதன் மேல் விண்டோஸ் 10 ஏறியது, புதுப்பித்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இன்று சி சிவப்புக் கோட்டில் மூச்சுத் திணறுகிறது; டியில் நூறு ஜிபி சும்மா கிடக்கிறது. அங்கே எடுத்து இங்கே சேர்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை.

தவறு "இரண்டு நிமிடம்" என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது.

வன்தட்டில் பிரிவுகள், அதாவது நாம் பார்ட்டிஷன் என்று சொல்பவை, வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கின்றன. டியைச் சுருக்கினால் கிடைக்கும் காலி இடம் டியின் பின்பக்கம், வலது ஓரத்தில் கிடைக்கிறது. சிக்கு வேண்டியதோ தன்னுடைய வலது ஓரத்தை ஒட்டிய இடம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என் காம்பராவைப் பெரிதாக்க வேண்டுமானால் சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா காலியாக வேண்டும். அதற்கும் அப்பால் உள்ள காம்பரா காலியாகி எனக்கு என்ன பயன்? அதனால்தான் பிரிவுகளைக் கையாளும் விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் டியைச் சுருக்கிய பிறகும் சியின் மேல் வலது சொடுக்கினால் "எக்ஸ்டெண்ட் வொல்யூம்" என்ற வரி மங்கலாகவே இருக்கிறது. கணினி பழுதாகிவிட்டது என்று பயந்து வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பழுது எதுவும் இல்லை, இடம் தவறான பக்கத்தில் கிடக்கிறது.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. டியில் உள்ளதையெல்லாம் வெளியே வேறொரு வட்டில் படியெடுத்துவிட்டு, டியை அழித்து, சியை விரித்து, மீதியில் புதிய டியை உண்டாக்கித் தரவைத் திருப்பிப் போடுவது ஒன்று. ஜிபார்ட்டெட் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு டியை அப்படியே வலப்பக்கம் நகர்த்துவது இரண்டாவது. உங்கள் குறிப்பு இரண்டாவதைச் சொன்னது. நகர்த்துவது என்றால் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. டியின் தொடக்க எல்லை மாறினால் அதற்குள் உள்ள தரவு முழுவதும் துண்டு துண்டாகப் படிக்கப்பட்டு, அதே வட்டில் வேறோர் இடத்தில் மறுபடி எழுதப்பட வேண்டும். ஒரே ஊசி படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். பழைய வன்தட்டில் 200 ஜிபிக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் எளிதாகப் போகும். தேய்ந்த வட்டானால் இரவு முழுவதும் போகும். அந்த நேரம் முழுவதும் மின்சாரம் நிற்கக்கூடாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்த வேளையில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை அப்போது தன் வீட்டில் இதே வேலையைத் தொடங்கியிருந்தார். மடிக்கணினி என்பதால் பற்றரி தாங்கும் என்று நம்பியிருக்கிறார். அத்தனை வயதான பற்றரி சில நிமிடங்கள்கூடத் தாங்கவில்லை. டியின் தரவில் பின்பகுதி புதிய இடத்துக்குப் போய்விட்டது. முன்பகுதி பழைய இடத்திலேயே நின்றது. கணினியை மறுபடி இயக்கியபோது டியைத் திறந்தால் வடிவமைக்கட்டுமா, அதாவது ஃபோர்மட் செய்து அழிக்கட்டுமா என்று கேட்டது. நல்லவேளையாக அவர் ஆம் என்று அழுத்தாமல் என்னிடம் கொண்டுவந்தார்.

காணாமற்போன பிரிவுகளைத் தேடிப் பிடிக்க டெஸ்ட்டிஸ்க் என்றொரு அருமையான இலவச மென்பொருள் இருக்கிறது. பிரிவுகளின் எல்லைகளைக் குறித்து வைத்திருக்கும் பிரிவு அட்டவணை மட்டும் அழிந்திருந்தால் அது பழைய எல்லையைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் உயிர்ப்பித்துவிடும். இங்கே எல்லை இருந்தது, உள்ளே தரவு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்கு டெஸ்ட்டிஸ்க் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு சேர்ந்து வரும் ஃபோட்டோரெக் கோப்புகளின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்து மீட்கும். பெயரும் கோப்புறையும் திரும்பி வராது. தரம் 11 தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாகத் தட்டெழுதிய பாடக் குறிப்புகள், பாடசாலை மலருக்காகப் பழைய மாணவர்களிடம் கெஞ்சி வாங்கி ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளாக வந்தன. திறக்காதவையும் அவற்றில் நிறைய. அந்த ஆசிரியை இன்றும் ஓய்வு கிடைக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கிறார்.

ஆகவே முதல் வேலை படியெடுப்பது. இதில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. "அவசரம் அக்கா, படியெடுக்க நேரமில்லை" என்று சொல்பவரிடம் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். படியெடுப்பது என்றால் வேறொரு வட்டில், வெளியே. டியில் உள்ளதை ஈயில் போட்டு வைத்திருக்கிறேன் என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். டியும் ஈயும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள். அந்த வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளிவட்டு வாங்க வசதியில்லாதவர்கள் குறைந்தது ஆவணங்களையும் கணக்குகளையும் ஒரு பென் டிரைவில் போடலாம். வினாத்தாள்களும் சங்கக் கணக்கும் எவ்வளவு பெரியவை? 16 ஜிபி பென் டிரைவில் ஒரு பாடசாலையின் பல ஆண்டு எழுத்து வேலை அடங்கிவிடும். படியெடுத்த பிறகு இரண்டு, மூன்று கோப்புகளை இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்ததாக, உண்மையிலேயே பிரிவைத் தொட வேண்டுமா என்று பாருங்கள். என்னிடம் வரும் கணினிகளில் பலவற்றுக்கு அது தேவைப்படுவதே இல்லை. விண்டோஸை மேலேற்றியபோது பழைய விண்டோஸ் முழுவதும் தனிக் கோப்புறையில் ஒதுக்கி வைக்கப்பட்டு, சில கணினிகளில் தானாக அழியாமல் அங்கேயே கிடந்து 15, 20 ஜிபி வரை தின்றுகொண்டிருக்கும். டிஸ்க் கிளீன் அப்பில் கணினிக் கோப்புகளைத் துப்புரவாக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது பட்டியலில் தெரியும். தூக்க நிலைக்கான ஹைபர்நேஷன் கோப்பு இன்னொன்று. 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) உள்ள விண்டோஸ் 7 கணினியில் அது ஏறத்தாழ 3 ஜிபி. மேசைக் கணினியில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, நிறுத்திவிடலாம். டவுன்லோட்ஸ், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளின் பண்புகளுக்குள் "லொகேஷன்" என்ற பகுதி இருக்கிறது. அங்கே டியில் ஓரிடத்தைக் காட்டிவிட்டால் போதும், இனிமேல் சேர்வதும் அங்கேயே போய்ச் சேரும். இவ்வளவும் செய்தால் எந்த எல்லையையும் நகர்த்தாமலே சி மூச்சுவிடும். உங்கள் குறிப்பு இதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அப்படியும் போதாது என்றால், அல்லது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை விண்டோஸுக்கு அருகில் நிறுவ இடம் வேண்டும் என்றால், எல்லையை நகர்த்தத்தான் வேண்டும். இது இனிக் கூடும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுத் தாருங்கள் என்று பாடசாலைகளிலிருந்தே கேட்கிறார்கள், நல்ல விடயம். ஆனால் நிறுவும் திரையில் விண்டோஸுக்கு எவ்வளவு, லினக்ஸுக்கு எவ்வளவு என்று இழுத்துவிடும் அந்தக் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பதை அறிந்து இழுக்க வேண்டும்.

நகர்த்துவதற்கு முன் வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். ஸ்மார்ட் என்ற பதிவேடு ஒவ்வொரு வன்தட்டுக்குள்ளும் இருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீலமாக "குட்" என்றிருந்தால் தொடரலாம். மஞ்சளில் எச்சரித்தால் நிறுத்துங்கள். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது வட்டின் சிறு துண்டுகள், இருக்கின்றன என்று அது காட்டினால், அந்த வட்டில் எதையும் நகர்த்தக்கூடாது, அதைச் சரிபார்க்கும் நீண்ட சோதனையைக்கூட முதலில் ஓட்டக்கூடாது. சாகப்போகும் வட்டை மணிக்கணக்காக ஓடவைப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடும். முதலில் தரவை வெளியே எடுங்கள். பிறகு வட்டையே மாற்றுங்கள். "டக், டக்" என்று சத்தம் கேட்டால் மென்பொருள்கூட வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையகத்துக் கணினிகளில் வட்டு நன்றாக இருந்தும் நகர்த்தல் இடையில் பிழை காட்டி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். மழைக்காலத்தில் மாதக்கணக்காகப் பூட்டியிருக்கும் கணினி அறை, சன்னலால் உள்ளே வரும் பனிமூட்டம், சுவரில் பூத்த ஈரம். கேபிளின் முனைகளும் ராமின் தங்கப் பற்களும் மங்கிவிடுகின்றன. அதே ஸ்மார்ட் பட்டியலில் "சிஆர்சி பிழை" என்றொரு எண்ணிக்கை இருக்கிறது. அது மட்டும் ஏறிக்கொண்டு போனால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். அதைக் கழற்றி வேறொன்றை மாற்றினால் எண் ஏறுவது நின்றுவிடும். ராமையும் ஐயப்பட வேண்டும், ஏனென்றால் நகரும் ஒவ்வொரு துண்டும் ராம் வழியாகத்தான் போகிறது. மெம்டெஸ்ட் சோதனையை இரவில் ஓடவிட்டுக் காலையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை என்றால்தான் நான் பழைய கணினியில் நகர்த்தலைத் தொடங்குகிறேன். இதைச் செய்யாத கடைகள் உண்டு. செய்யும்படி கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

இனி, கணினி மறுக்கும் இடங்கள். டியில் 100 ஜிபி காலியாக இருந்தும் சுருக்கப் போனால் சில நூறு எம்பிதான் தர முடியும் என்று விண்டோஸ் சொல்கிறதா? காலி இடம் நடுவில் இருக்கிறது. ஓரத்தில் நகராத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ராமுக்குத் துணையாக நிற்கும் பேஜிங் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவை வழக்கமான ஆட்கள். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்து, சுருக்கி, பிறகு பழையபடி இயக்கிவிடலாம். எந்தக் கோப்பு தடுத்தது என்று அறிய வேண்டுமானால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவைப் பாருங்கள், பெயரோடு எழுதியிருக்கும்.

காலி இடம் சியை ஒட்டியே இருந்தும் விரிய மறுக்கிறதா? நிறத்தைப் பாருங்கள். டிஸ்க் மனேஜ்மென்டில் கறுப்புத் தலைப்பட்டையுடன் இருந்தால் அது எவருக்கும் சொந்தமில்லாத இடம். இளம்பச்சையாக இருந்தால் அது எக்ஸ்டெண்டட் பிரிவுக்குள் அடைபட்ட இடம். பழைய எம்பிஆர் முறையில் பிரிவு அட்டவணை 64 பைட்டுகள்தான். நான்கு பதிவுகளுக்கு மேல் அதில் இடமில்லை. அந்த நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்ற பெரிய கூடாக ஆக்கி, அதற்குள் டி, ஈ, எஃப் என்று அடுக்கினார்கள். அதனால் டியை அழித்தாலும் கூடு அழிவதில்லை. ஜிபார்ட்டெட்டில் முதலில் அந்தக் கூட்டின் இடது எல்லையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் சியை விரிக்க முடியும். இந்தப் பச்சையும் கறுப்பும் தெரியாமல் முழு வட்டையும் அழித்து மறுபடி விண்டோஸ் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதே நான்கு பிரிவு எல்லையிலிருந்து இன்னொரு பொறி புறப்படுகிறது. நிறுவனத் தயாரிப்பு மடிக்கணினிகள் பலவற்றில் நான்கும் முன்பே நிறைந்திருக்கும். ஐந்தாவதை உண்டாக்கப் போனால் வட்டை டைனமிக் வட்டாக மாற்றட்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட எச்சரிக்கை வரும். பிள்ளைகள் படிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். மாற்றிய பிறகு ஜிபார்ட்டெட்டால் அதில் வேலை செய்ய முடியாது, லினக்ஸை அருகில் நிறுவவும் முடியாது. விண்டோஸ் காட்டும் வழியில் திரும்பி வர வேண்டுமானால் எல்லாப் பிரிவுகளையும் அழிக்க வேண்டும். தயவுசெய்து இந்த எச்சரிக்கையைப் பார்த்தால் இல்லை என்று அழுத்திவிட்டு யாரிடமாவது கேளுங்கள்.

விண்டோஸ் 10 கணினிகளில் சிக்கும் டிக்கும் நடுவே சிறிய ரிகவரி பிரிவு ஒன்று சுவர் போல நிற்பதும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த பாதுகாப்புப் புதுப்பித்தல் ஒன்று அந்தப் பிரிவில் 250 எம்பி காலி இடம் எதிர்பார்த்தது. போதிய இடமில்லாத கணினிகளில் அது திரும்பத் திரும்பத் தோற்றது. பிரிவைக் கையால் பெரிதாக்கும் வழிமுறையை மைக்ரோசொஃப்ட் அப்போது வெளியிட்டது. அதற்குப் பொறுமையில்லாமல் அந்தப் பிரிவை அழித்துவிட்டவர்கள் உண்டு. அழித்தால் கணினி இயங்கும். தொடங்க முடியாமல் போகும் நாளில் தன்னைத் தானே சீர்செய்யும் கருவி மட்டும் இருக்காது. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்திருப்பவருக்கு இதில் பெரிய இழப்பில்லை. இல்லாதவர் அழிக்க வேண்டாம்.

ஜிபார்ட்டெட் விண்டோஸ் பிரிவுக்கு அருகில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி காட்டினால் இரண்டு காரணங்களில் ஒன்று. கோப்பு முறைமையில், அதாவது பிரிவுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒழுங்கில், பிழை இருக்கிறது: விண்டோஸுக்குள் போய் அதைத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுங்கள். அல்லது விண்டோஸ் முழுமையாக மூடப்படவில்லை. விண்டோஸ் 8 இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. நாம் நிறுத்தினாலும் அது பாதியை நினைவில் வைத்துக்கொண்டே உறங்குகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நிறுத்தினால் உண்மையாகவே நிற்கும். விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டான பிட்லொக்கரால் பூட்டிய வட்டானால் முதலில் பூட்டை அவிழ்த்து முடியுங்கள். பழைய டியின் கோப்பு முறைமை ஃபாட் 32 ஆக இருந்தால் டிஸ்க் மனேஜ்மென்டில் சுருக்கவோ விரிக்கவோ முடியாது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்ற விண்டோஸிலேயே கட்டளை உண்டு. தரவு அப்படியே இருக்கும், ஆனால் அதே கட்டளையால் திரும்பி வர வழியில்லை.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடுகிறதா என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். ஓடுகிறது. பழைய அச்சுப்பொறிக்காகவும் பழைய கணக்கு மென்பொருளுக்காகவும் அதைக் கைவிட முடியாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதன் டிஸ்க் மனேஜ்மென்டில் சுருக்கும் வசதியே கிடையாது. முதலாவது சேர்விஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்புக்கூட ஏறாத எக்ஸ்பிக்கு 137 ஜிபிக்கு மேல் வட்டு கண்ணுக்குத் தெரியாது. வெளிமென்பொருளால் அந்த எல்லையைத் தாண்டி விரித்துவிட்டால் அது வட்டின் தொடக்கத்தின் மேலேயே எழுதிச் சிதைத்துவிடக்கூடும். அந்தக் காலத்துக் கணினிகளில் பல பென் டிரைவிலிருந்து தொடங்குவதில்லை. ஜிபார்ட்டெட்டைச் சீடீயில்தான் எழுத வேண்டும். 32 பிட் செயலியானால் 64 பிட் பதிப்பு தொடங்காது, அதைப் பார்த்து இறக்குங்கள்.

எல்லாம் சரியாக முடிந்தும் கணினி தொடங்கவில்லை என்று கண்ணீரோடு வருகிறார்கள். பெரும்பாலும் தரவு அப்படியே இருக்கிறது. தொடக்கப் பிரிவின் எல்லையோ எண்ணோ மாறியதால் தொடக்க நிரலுக்கு வழி தெரியவில்லை. விண்டோஸ் நிறுவும் வட்டிலிருந்து சீர்செய்யும் பகுதிக்குப் போய் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். ஒரு தடவையில் சரியாகாவிட்டால் மறுபடி ஓட்டுங்கள். எம்பிஆர் வட்டில் எந்தப் பிரிவு ஆக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் குறி தவறான பிரிவுக்குப் போயிருந்தால் திருப்பி வைத்தாலே போதும். லினக்ஸும் உள்ள கணினி கிரப் ரெஸ்கியூ என்று கறுப்புத் திரையில் நின்றால் நிறுவாமலே ஓடும் லினக்ஸின் நேரடி வட்டிலிருந்து கிரப் என்ற தொடக்க நிரலை மறுபடி பதிக்க வேண்டும். எதற்கும் ஃபோர்மட் தேவையில்லை.

சில நேரங்களில் பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. தாய்ப்பலகையில் சீஆர் 2032 என்ற காசு அளவு பற்றரி செத்திருக்கும். கேபிள் மாற்றவோ தூசு தட்டவோ மின்சாரத்தைக் கழற்றியதும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, வட்டோடு பேசும் சாட்டா முறையை ஏஹெச்சிஐ இலிருந்து ஐடிஈக்கு மாற்றிவிடும். விண்டோஸ் 7 நீலத் திரையைக் காட்டும். திகதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால் இதுதான் காரணம். பற்றரியை மாற்றி, அந்த ஒரு வரியைத் திருத்தினால் கணினி எழுந்துவிடும். இராகலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து மேசைக் கணினியைக் கொண்டுவந்த ஒரு கோயில் பரிபாலன சபைத் தலைவரிடம் இதைச் சொன்னபோது, வேறொரு கடையில் வட்டு முழுவதும் அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கும்பாபிஷேக நன்கொடையாளர் பட்டியல் உள்ளே பத்திரமாக இருந்தது.

அதனால் என் தொழிலில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் வட்டில் பிரிவைத் தொடுவதற்கு முன் படியெடுத்தீர்களா, எங்கே எடுத்தீர்கள், வட்டின் நிலை என்ன என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். "ஃபோர்மட் பண்ணினால் சரியாகும்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அந்த வட்டில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குடும்பத்திடமோ பாடசாலையிடமோ வேறெங்கும் இல்லாதது. லயத்தில் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன் பிரதிகூட எவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு கிடைத்தது என்பது நமக்குத் தெரியாததா?

பாடசாலைகளுக்குப் பழைய கணினி நன்கொடை தருபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பத்துக் கணினி தருவதற்குப் பதில் எட்டுத் தந்து, மிச்சப் பணத்தில் அவற்றுக்குப் சுழலும் தட்டில்லாத புதிய எஸ்எஸ்டி வட்டுகளைப் போட்டுத் தாருங்கள். பழைய சாட்டா இணைப்பிலும் அவை வேலை செய்யும். தேய்ந்த வன்தட்டை விடப் பலமடங்கு வேகமாகவும் இருக்கும். குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பழைய வட்டை அப்படியே புதியதில் பதிக்கலாம். புதியது சிறியதானால் மட்டும் பழையதன் பிரிவுகளை முதலில் சுருக்கியாக வேண்டும், அதற்கும் மேலே சொன்ன ஒழுங்கு பொருந்தும். எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவும்போது முழு இடத்தையும் ஒரே சியாக விட்டுவிடுங்கள். 240 ஜிபி வட்டை நான்காகக் கிழிக்கும் பழக்கம்தான் இந்தத் துன்பம் அனைத்துக்கும் வித்து.

ஆசிரியர் அவர்களே, அந்தக் குறிப்பை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். அடுத்த ஞாயிறு இதழில் அதே இடத்தில், அதே எழுத்தளவில், படியெடுக்காமலும், மின்சாரம் நின்றாலும் சற்று நேரம் தாங்கும் யூ.பி.எஸ். இல்லாமலும் இதைச் செய்ய வேண்டாம் என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இதையும் கத்தரித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே இடையில் நின்றுபோய்க் கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களுக்கும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: கணினியை நிறுத்துங்கள், அந்த வட்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுத வேண்டாம், வடிவமைக்கட்டுமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், வட்டைக் கழற்றி விடயம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
தலவாக்கலை.